சீன மிஷினுக்கு வைத்த பொட்டு

நோர்வூட்
20.10.2024

அன்பான மாப்பிள்ளை கஜேந்திரனுக்கு,

மச்சான் செல்லசாமி எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம். மூச்சு எனக்கு, பேச்சு உன் அக்காவுக்கு. கென்யாக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? போன மாதத்து இருமல் விட்டதா?

ஃபோன் இருக்கும்போது இந்த ஆளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் அக்கா மனோரஞ்சிதம் ஃபோனை எடுத்தால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். நீ அங்கே தும்மினால் இங்கே லயத்து வரிசையில் இருக்கிற அத்தனை காம்பிரா வீடும் நூறாயுசு சொல்கிறது. ரகசியம் பேச வழியில்லை. அதனால் ஐந்தாம் வகுப்போடு மூட்டை கட்டி வைத்த எழுத்தை இப்போது அவிழ்க்கிறேன். பதிலை லயத்துக்கு அனுப்பாதே. நோர்வூட் டவுனில் தையற்கடை பெரியதம்பி பேருக்குப் போடு. அவனுக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் ஆசை கிடையாது.

ரகசியம் இதுதான். நீ ஸ்பேனர் பிடித்துப் பழகிய, கொழுந்தைத் தூளாக்குகிற நம் தேயிலை ஸ்டோருக்குச் சீனாவிலிருந்து ஒரு மிஷின் வந்திருக்கிறது. கலர் சோர்ட்டர் என்று பெயர். தூளையும் குச்சியையும் கண்ணால் பார்த்தே பிரிக்கும். குச்சியைக் கண்டால் காற்றடித்துத் தள்ளிவிடும். அதை ஓட்டும் வேலை எனக்கு. முன்பு உட்கார்ந்து குச்சி பொறுக்கிய பெண்களையெல்லாம் மலைக்குக் கொழுந்து எடுக்க அனுப்பிவிட்டார்கள். அதில் உன் அக்காவும் ஒருத்தி. அந்த மிஷினை அவள் 'சக்களத்தி' என்றுதான் சொல்கிறாள்.

ஆயுத பூஜை வந்தது. ரோலருக்கும் ட்ரையருக்கும் வழக்கம்போலத் திருநீறு, சந்தனம், குங்குமம். புதிதாக வந்த பிள்ளையை மட்டும் விடலாமா? மற்ற மிஷினுக்கெல்லாம் நெற்றி எதுவென்று எனக்குத் தெரியும். இதற்குத் தெரியவில்லை. மூடியைத் திறந்தேன். உள்ளே வழவழவென்று அகலமாக ஒரு கண்ணாடி. இதுதான் நெற்றி என்று மூன்று விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பட்டை இழுத்து, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டேன்.

லீவு முடிந்து ஓடவிட்டால் நல்ல தூளையெல்லாம் குச்சி என்று ஊதித் தள்ளுகிறது. திரையில் சிவப்பாகச் சீன எழுத்து. ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயா படம் எடுத்து, மிஷின் விற்ற கொழும்புக் கம்பெனிக்கு அனுப்பினார். தொடாதீர்கள், அடுத்த வாரம் வருகிறோம் என்றார்களாம். எங்களை ஸ்டோருக்குள் ஃபோன் கொண்டுபோக விடமாட்டார்கள். நான் தூள் பேக்குக்கு மார்க் போடுகிற மையால் அந்த எழுத்தை ஒரு கடதாசியில் அப்படியே கோலம் மாதிரி இழுத்து, பகல் சாப்பாட்டுக்குப் போகும்போது மடியில் வைத்துக்கொண்டு போனேன். நம் ரூபிகா ஞாயிற்றுக்கிழமையில் டவுனில் ஏதோ சீன வகுப்புக்குப் போகிறாளே, சும்மா காட்டலாம் என்று.

பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அதோட கண்ணுல என்ன வச்சீங்க?"

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன் மாப்பிள்ளை. போய் ஈரத்துணியால் துடைத்தேன். ஓடத் தொடங்கிவிட்டது. டீமேக்கர் ஐயா ஓடிவந்து என்ன செய்தாய் என்றார். "சாமி கும்பிட்டேங்க ஐயா" என்றேன். பொய்யில்லையே. இப்போது அவரும் காலையில் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்.

அந்த மிஷின் பிரித்த தூள் ஒரு சிட்டிகை இதில் மடித்து வைத்திருக்கிறேன். உங்கள் கென்யாத் தூளோடு ஊற்றிக் குடித்துவிட்டு உண்மையைச் சொல். முடியாவிட்டால் பேசாமல் இரு.

உன் அக்காவைக் கட்டிக்கொண்டு உன்னையும் சேர்த்துச் சுமக்கும்,
செல்லசாமி


கெரிச்சோ
24.11.2024

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

கஜேந்திரனின் வணக்கம். இருமல் போய்விட்டது. அக்காவின் முழங்கால் எப்படி? மலை ஏறும்போது வலிக்கிறது என்று லயமே கேட்கச் சொன்னாளே.

உங்கள் கடிதத்தை ஃபெக்டரியில் வைத்து வாசித்துத் தனியாகச் சிரித்தேன். என்னிடம் வேலை பழகும் கிப்ரோனோ என்ன என்று கேட்டான். சொன்னேன். எங்களிடமும் அதே மிஷின் இருக்கிறது. அன்று முழுக்க அவன் அதன் பக்கத்தில் போகும்போதெல்லாம் நெற்றியைத் தடவிக்கொண்டான்.

இங்கே ரோலர் இந்தியாவிலிருந்து வருகிறது, சோர்ட்டர் சீனாவிலிருந்து வருகிறது, தூளைப் பாகிஸ்தானும் எகிப்தும் வாங்குகின்றன. மிஷின் பார்க்க நான் நோர்வூட்டிலிருந்து வந்திருக்கிறேன். வெள்ளைக்காரத் துரைமார் சுவரில் படமாகத் தொங்குகிறார்கள், அதற்கும் மழைக்குப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. கிப்ரோனோ கெட்டிக்காரன். சத்தத்தைக் கேட்டே எந்த பெயாரிங் போகிறது என்று சொல்கிறான். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் நேரம் கூடிவிட்டது.

உங்கள் தூளை ஊற்றிக் குடித்தேன். நீங்கள் சொன்னபடி பேசாமல் இருக்கிறேன்.

ரூபிகாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். கவனமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கஜேந்திரன்


நோர்வூட்
20.01.2025

மாப்பிள்ளைக்கு,

பொங்கல் நன்றாகப் பொங்கியது, பால் வடக்கே வழிந்தது, உன் அக்கா அது உனக்குப் பெண் கிடைக்கிற திசை என்று சொல்லிவிட்டாள். நீ நலம்தானே? நாங்கள் நலம். நான் மட்டும் கொஞ்சம் நலமில்லை. உடம்புக்கு இல்லை.

ரூபிகா சீனாவுக்குப் போய்ப் படிக்கப் போகிறேன் என்கிறாள். குன்மிங் என்று ஒரு ஊராம். முதலில் ஒரு வருஷம் பாஷை, பிறகு தேயிலை பற்றிய படிப்பு. அந்த நாட்டு அரசாங்கமே படிக்க வைக்கிறதாம். நான் சிரித்தேன். 'தேயிலையைப் பற்றிப் படிக்க நோர்வூட்டிலிருந்து ஒருத்தி வெளிநாடு போறதா? மீனு நீச்சல் வகுப்புக்குப் போன கதையால்ல இருக்கு' என்றேன். அவள் சிரிக்கவில்லை. தேயிலை முதலில் அங்கேதான் இருந்தது, வெள்ளைக்காரன் அங்கிருந்து எடுத்ததைத்தான் நாம் பறித்துக்கொண்டிருக்கிறோம் என்கிறாள்.

காலம் எப்படி ஆகிவிட்டது பார். தாத்தா காலத்தில் துரையிடம் பேச இங்கிலீஷ் வேண்டும். அப்பா சிங்களம் பழகினார். பக்கத்துக் காம்பிரா காளியாயி குவைத்திலிருந்து வந்து கோழியை அரபியில் திட்டுகிறாள். மேல் டிவிசனில் இந்தியா கட்டிக்கொடுத்த வீடு, ரோட்டில் இந்தியா பஸ், அதில் ஏறுகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் போட்டிருப்பது சீனா கொடுத்த சீருடைச் சீத்தை. லயத்துக்குள் உட்கார்ந்தே உலகத்தைச் சுற்றி வரலாம். அப்புறம் எதற்குப் பிள்ளை போக வேண்டும்?

நான் வேண்டாம் என்று சொல்லலாம்தான். ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு அந்தத் திருநீறு ஞாபகம் வருகிறது. அவள் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. அப்படிப்பட்ட பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வேன்?

நீ சொல். நீ தாய்மாமன். உன் மடியில் உட்கார வைத்துத்தான் அவளுக்குக் காது குத்தினோம். இந்த வீட்டில் மாமன் வாக்கு இல்லாமல் ஒரு பெண்பிள்ளை படி தாண்டியதில்லை. 'வேண்டாம்மா' என்று ஒரு வார்த்தை. அதை நீ சொன்னால் அவள் கேட்பாள், என் மேலும் கோபம் வராது. மார்ச் கடைசிக்குள் பேப்பர் அனுப்ப வேண்டுமாம். அதற்குள் சொல்லிவிடு.

உன்னை நம்பியிருக்கும்,
மச்சான்


நோர்வூட்
02.03.2025

மாப்பிள்ளை,

சுகமாக இருக்கிறாயா, இருக்கிறாயா? பெரியதம்பி கடைக்கு நான் போய்ப் போய் வந்ததில், எனக்குச் சட்டை தைக்க ஆசை என்று நினைத்து அளவெடுத்துவிட்டான். உன் கடிதம் வரவில்லை, சட்டை வந்துவிட்டது.

ரூபிகா இரவும் பகலும் படிக்கிறாள். உன் அக்கா கேட்டால் போகட்டும் என்கிறாள், பிறகு அடுப்படியில் மூக்கைச் சிந்துகிறாள். வெங்காயம் என்கிறாள். பருப்புக்கு அவ்வளவு வெங்காயம் போட மாட்டார்கள்.

ஒரு வார்த்தைதான் கேட்டேன்.

செல்லசாமி


கெரிச்சோ
05.03.2025

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் பொங்கல் கடிதம் கிடைத்து நாளாகிறது. தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே இந்த வருஷம் மழை பிந்திவிட்டது. கொழுந்து குறைவு. பிறகு ஒரு நாள் பெய்தது பாருங்கள், ஃபெக்டரிக் கூரையில் கல் விழுவதுபோல. நம் ஊர் மழை இப்படிச் சத்தம் போடாது, நாள் கணக்காக அழும்.

ரூபிகா பேப்பர் அனுப்பட்டுமே. கேட்கிற எல்லோருக்குமா இடம் கிடைக்கிறது? கிடைத்தால் அப்போது பார்ப்போம்.

ஆகஸ்டில் நான் ஊருக்கு வரலாம் என்றிருக்கிறேன். நேரில் பேசுவோம். அதற்கு முன் ஒரு விஷயம். உங்கள் கட்டிலுக்கு அடியில் என் ஸ்பேனர் பெட்டி வைக்க இடம் இருக்குமா? சின்னப் பெட்டிதான்.

அக்காவின் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கஜேந்திரன்


நோர்வூட்
10.04.2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

நீ எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். கென்யா மழையைப் பற்றி இனி என்னிடம் யாரும் எதுவும் கேட்கலாம். நான் கேட்ட ஒரு வார்த்தையைத்தான் காணோம். எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் உடம்பு?

கட்டிலுக்கு அடியைக் காலி பண்ணிவிட்டேன். கிழங்குச் சாக்கையும் உடைந்த மண்வெட்டியையும் எடுத்தாயிற்று. ஒரு கரப்பான் குடும்பம் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை, பேசிப் பார்க்கிறோம். பெட்டி எவ்வளவு பெரிதானாலும் கொண்டு வா. எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

ரூபிகா பேப்பரை அனுப்பிவிட்டாள். என்னிடம் ஒரு கையெழுத்துக் கேட்டாள். போட்டேன். மை சரியாக இறங்கவில்லை என்று பேனாவைக் குறை சொன்னேன்.

மாப்பிள்ளை, விளையாட்டை விட்டு ஒன்று சொல்கிறேன். எனக்கு எட்டு வயசு இருக்கும்போது பெரியப்பா குடும்பம் இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனது. ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஜன்னலில் பெரியம்மா கையாட்டினாள். வருவேன் என்றுதான் சொன்னாள். அதற்கு முன்னால் பூட்டன் திருச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தபோதும் அங்கே யாரிடமோ வருவேன் என்றுதான் சொல்லியிருப்பான். நம்மை எல்லா நாடும் கூட்டிக்கொண்டு போகும். கொண்டுவந்து விடுகிற நாடு ஒன்றைச் சொல். வெள்ளைக்காரன் பெரியவனாக இருந்தாலும் சரி, சீனாக்காரன் பெரியவனாக வந்தாலும் சரி, ஸ்டேஷனில் நிற்கிறவன் நான்தானே?

நல்ல வேளை, இதை உன் அக்கா ஸ்பீக்கரில் கேட்கவில்லை.

மச்சான்


நோர்வூட்
12.06.2025

மாப்பிள்ளைக்கு,

நலம். நலமே வேண்டுகிறேன். கிடைத்துவிட்டது.

ரூபிகாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. லயத்தில் நேற்று முழுக்கத் திருவிழா. காளியாயி எல்லோருக்கும் கேசரி கிண்டிக் கொடுத்தாள். தோட்டத்து மானேஜர், நம் பெரிய துரை, கூப்பிட்டுக் கை கொடுத்தார். நானும் கை கொடுத்தேன், சிரித்தேன், கேசரியும் தின்றேன். எல்லாம் சரியாகச் செய்தேன். ஆகஸ்ட் கடைசியில் போக வேண்டுமாம்.

அவள் மட்டும் ஒன்று சொன்னாள். "மாமா வந்து சரின்னு சொன்னாத்தான் நான் பெட்டியைக் கட்டுவேன்" என்று. பார், நான் சொன்னேன் அல்லவா? இந்த வீட்டில் உன் வாக்குக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. கடைசியாகக் கேட்கிறேன்.

செல்லசாமி


கெரிச்சோ
08.07.2025

என் அன்பு மச்சானுக்கு,

நீங்களும் அக்காவும் மருமகளும் நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் மழை இல்லை.

கட்டிலுக்கு அடியைக் காலி பண்ணியதாக எழுதினீர்களே, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் என்று. அதை வாசித்தபோதே உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கு விளங்கிற்று. லீவில் வருகிறவன் ஸ்பேனரைக் கொண்டுவர மாட்டான். ஆகஸ்டோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இனி கிப்ரோனோதான் ஹெட் ஃபிட்டர். அதைச் சொன்ன அன்று அவன் சுரைக்குடுக்கையில் புளித்த பால் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு என்னைவிடக் கூச்சம். எனக்குக் கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. முன்பு இந்த வேலைக்கு அவர்கள் ஒரு வெள்ளைக்காரனைத் தேடினார்கள். பிறகு என்னைத் தேடினார்கள். இப்போது தேட வேண்டியதில்லை, அவர்கள் வீட்டுப் பிள்ளையே இருக்கிறான். பாலைக் குடித்தேன். நன்றாக இருந்தது.

இன்னொன்று. குன்மிங் பற்றி ரூபிகா முதலில் என்னிடம்தான் கேட்டாள். போ என்று சொன்னவனும் நான்தான். பிறகு உங்கள் கடிதம் வந்தது. என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் மழையை எழுதினேன்.

மச்சான், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மிஷின் சிவப்பாக எழுதினால் கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை நம் ஸ்டோர் கையைக் கட்டி நிற்கிறது. அந்த எழுத்தை வாசித்தது நம் வீட்டுப் பிள்ளை. அவளை எப்படி நான் நிறுத்துவேன்?

ஆனால் ஸ்டேஷனில் நிற்கிறவன் நான்தானே என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் இல்லாமல் வர எனக்கு மனமில்லை. தாய்மாமன் சீர் என்று நான் அவளுக்கு இதுவரை பெரிதாக எதுவும் செய்யவில்லை. சேலையும் நகையும் கல்யாணத்துக்கு இருக்கட்டும். இப்போது டிக்கெட் எடுத்துவிட்டேன். போவதற்கு மட்டுமல்ல, வருவதற்கும். தேதியை அவள் போட்டுக்கொள்ளலாம், ஒரு வருஷத்துக்குள் வந்தாக வேண்டும். பூட்டனுக்கும் பெரியம்மாவுக்கும் யாரும் வருகிற டிக்கெட்டை எடுத்துக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் வருகிறேன். அந்தக் கரப்பான் குடும்பத்திடம் சொல்லிவையுங்கள்.

கஜேந்திரன்


நோர்வூட்
12.10.2025

என் ரூபிகாக் கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ சாப்பிடுகிறாயா, குளிருக்கு மூடிக்கொள்கிறாயா? அம்மா வீடியோவில் உன்னைக் காட்டும்போது லயமே எட்டிப் பார்க்கிறது. எனக்கு 'சாப்பிட்டியா'வைத் தவிர ஒன்றும் வாயில் வருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். உன் மாமாவுக்கு எழுதி எழுதி எனக்கு இது பழகிவிட்டது. அவரிடம் நான் என்ன கேட்டேன் என்று மட்டும் கேட்காதே.

மாமாவுக்கு உடப்புசல்லாவையில் ஒரு ஸ்டோரில் வேலை கிடைத்துவிட்டது. புது ஸ்பேனர் கொடுத்திருக்கிறார்களாம். பழைய பெட்டி என் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது. அம்மாவின் முழங்கால் தைலத்துக்குக் கேட்கிறது, அம்மாதான் என் பேச்சைக் கேட்பதில்லை.

ஆயுத பூஜை நடந்தது. இந்த வருஷம் டீமேக்கர் ஐயாவே, "செல்லசாமி, அந்தச் சீன மிஷினுக்கு நல்லாச் செய்" என்றார். கண்ணாடியைத் தொடவில்லை. மேலே தகரத்தில் ஒரு பொட்டு. அம்மாவும் மலையிலிருந்து இறங்கி வந்து சக்களத்திக்கு ஒரு பூ வைத்தாள். கொஞ்சம் முறைத்துக்கொண்டுதான் வைத்தாள்.

கட்டுநாயக்க ஏர்போர்ட்டில் நீ உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. நல்லதுதான். பார்த்திருந்தால் என் மூஞ்சியைப் பார்த்திருப்பாய்.

பூஜைக் குங்குமம் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். நீ ஃபோனில் அனுப்பிய விலாசத்தை நானே பார்த்து மார்க் மையால் இழுத்திருக்கிறேன். நம் வீட்டுக்குப் பெரியதம்பி கடைதான் விலாசம். உனக்கு மாடி, அறை எல்லாம் போட்டு எவ்வளவு பெரிய விலாசம்! உறையில் இடம் பத்தவில்லை. வந்து சேர்ந்தால் சொல்.

அப்பா


குன்மிங்
16.11.2025

அன்பு அப்பாவுக்கு,

வந்து சேர்ந்தது. சாப்பிடுகிறேன், மூடிக்கொள்கிறேன். நீங்களும் அம்மாவும் மாமாவும் சுகமாக இருங்கள்.

விலாசத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு கோடு குறைவு, இன்னொன்றுக்கு ஒன்று கூட. விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுதியது யார், தூரிகை பிடித்த கையா என்று கேட்டார். தேயிலைப் பேக்குக்கு மார்க் போடுகிற கை என்றேன். உறையை அவரே வைத்துக்கொண்டார், கடிதத்தை மட்டும் எனக்குக் கொடுத்தார்.

என் அறையில் இருப்பவள் கென்யாப் பிள்ளை. பாலை ஊற்றிக் கொதிக்கவைத்து, இதுதான் தேத்தண்ணி என்கிறாள். நான் விடுவேனா? நம் வெறுந்தேத்தண்ணிதான் தேத்தண்ணி என்பேன். உங்கள் மகள்தானே. தினமும் சண்டை, பிறகு இரண்டையும் குடிக்கிறோம்.

போன வாரம் ஒரு தேயிலை ஃபெக்டரியைச் சுற்றிக்காட்டினார்கள். அங்கே நம் மிஷினின் அக்கா மாதிரி ஒன்று, இன்னும் பெரியது. உங்கள் குங்குமத்தில் ஒரு துளி அதற்கு வைத்தேன். கண்ணுக்கு மேலே. ஆசிரியர் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சீனத்தில் முழுக் கதையையும் சொன்னேன். நான் இவ்வளவு நீளமாகச் சீனம் பேசியது அதுதான் முதல் தரம். அவர் சிரித்து முடிக்கும்வரைக்கும் வகுப்பு காத்திருந்தது. பொட்டை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அப்பா, மாமா எடுத்த டிக்கெட்டுக்குத் தேதி போட்டுவிட்டேன். ஜனவரி கடைசியில் லீவு. கட்டிலுக்கு அடியில் மாமாவின் பெட்டியை ஒரு ஓரமாகத் தள்ளி வையுங்கள். என் சூட்கேஸ் கொஞ்சம் பெரியது.

உங்கள்,
ரூபிகா